ஏழாவது புத்தகத்தில் அழியாத மை

திரும்பி வரும் புத்தகத்தை முதலில் மோந்து பார்ப்பார். பிறகு முதுகில் ஒரு தட்டு. பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓரத்தில் கட்டைவிரலை வைத்து, சீட்டுக்கட்டு கலைப்பதுபோல் விர்ரென்று விடுவார். கடைசியில்தான் எண்ணிக்கை. முதல் பக்கத்திலிருந்து கீழ் மூலையில் உள்ள எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார். எதிரில் நிற்பவர் எப்பேர்ப்பட்ட ஆளானாலும் நிற்க வேண்டியதுதான். முப்பத்தொரு வருடமாக அந்த நூலகத்தின் வாங்கும் மேஜையில் இதுதான் சட்டம். ‘பக்கக்காரர்’ என்று பேர் வந்ததும் அதனால்தான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அல்லது அவர் அதை விட்டார். கேட்கிற ஆளைப் பொறுத்துக் கதை மாறும். எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் அந்த மேஜையில் இருப்பது படிக்கிற வேலை இல்லை, எண்ணுகிற வேலை. மனிதர்களைப் பற்றி அவர் கண்டுபிடித்ததும் ஒன்றே ஒன்று: புத்தகத்தை வாங்கிப் போகும்போது எல்லோருமே நல்லவர்கள்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் இஸ்திரி அக்கா ஏழாவது புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

இஸ்திரி அக்கா என்பவள் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நெடுநெடுவென்று உயரம். வலது முன்கையில் இஸ்திரிப்பெட்டி முத்தமிட்ட பழைய தழும்பு. அங்கே இஸ்திரி அறையில் பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து நூலகத்தில் ஒரே ஒரு கார்டு, இவள் பேரில்.

அந்தக் கார்டு வந்த கதை தனி. நூலகர் அம்மா புதிதாக வந்தபோது வாசலில் பலகை மாட்டி, தன் கையாலேயே ஒரு பட்டியல் எழுதி ஒட்டினார். ‘அநீதியை எதிர்க்கக் கற்போம்: கட்டாயம் படிக்க வேண்டிய இருபது நூல்கள்.’ இரண்டு மாதம் அதை ஈதான் படித்தது. பக்கக்காரருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட. புத்தகம் படித்து எவனும் யாருக்கும் நியாயம் செய்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை. நியாயத்தைப் பற்றி நிறையப் படித்தவர்கள்தான் வரிசையை முந்திக்கொண்டு வந்து மேஜையைத் தட்டுகிறவர்கள். பிறகு ஒரு நாள் இந்த உயரக்காரி வந்து நின்றாள்.

“ஒண்ணாம் நம்பர் குடுங்க.”

“புத்தகத்தோட பேரைச் சொல்லும்மா.”

“பேரு ரொம்ப நீளம். நீங்கதானே நம்பர் போட்டு ஒட்டியிருக்கீங்க. ஒண்ணாம் நம்பர்.”

கார்டு வேண்டுமென்றால் சொந்த வீடோ நிரந்தர வேலையோ உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். சலவைக்கூடத்துப் பெண்ணுக்கு யார் போடுவார்கள்? கடைசியில் நூலகர் அம்மாவே போட்டார். நிர்வாகக் குழுவில் முணுமுணுப்பு கிளம்பியது. ஒரு புத்தகம் கெட்டுப்போனாலும் கார்டு ரத்து என்று செயலாளர் சொல்லி வைத்தார்.

அன்றிலிருந்து ஆறு புத்தகங்கள் போய் வந்துவிட்டன. ஆறிலும் கொடுத்த கணக்குக்குப் பக்கம் சரியாக இருந்தது. ஏழாவதை மோந்து பார்த்தார். சோப்பு வாசனை. முதுகைத் தட்டினார். விர்ரென்று விட்டார். கை நின்றது.

அந்தப் புத்தகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் மூலை மடிப்பு, எண்பதில் ஒரு கசங்கல், நூற்றுப் பத்துக்கு மேல் மழையில் நனைந்து அப்பளமாய் நெளிந்த பதினாறு தாள். எந்தக் காயம் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இப்போது ஒன்றையும் காணோம். அச்சகத்திலிருந்து நேற்று வந்ததுபோல் தாளெல்லாம் படிந்து கிடந்தன.

“ஏம்மா, புத்தகத்தை மாத்திட்டீங்களா?”

“எதுக்கு மாத்தணும்?”

“நான் குடுத்தது கிழவன் மூஞ்சி மாதிரி இருந்துச்சு. இது மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கு.”

“தேய்ச்சோம்” என்றாள். “மேல ஒரு துணியைப் போட்டு, சூட்டைக் குறைச்சு. கசங்கினதைக் கையில வெச்சுக்கிட்டுப் படிக்க எங்களுக்கு வராது.”

புத்தகத்துக்கு இஸ்திரி போட்ட ஆளை அவர் முப்பத்தொரு வருடத்தில் பார்த்ததில்லை. சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுக் கூடியது. இந்த முறை கீழ் மூலையை விட்டுவிட்டு நடுப்பக்கத்தை விரித்தார். தையலை ஒட்டிய ஓரத்தில், கறுப்பு மையில் ஒரு வட்டம். புரட்டினார். பெருக்கல் குறி. இன்னும் புரட்டினார். மூன்று புள்ளி. ஓரிடத்தில் முக்கோணம். எச்சிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். ஆஸ்பத்திரித் துணியில் போடுகிற அழியாத மை. கொதிக்க வைத்தாலும் போகாது.

“என்னம்மா இது?”

அவள் முகத்தில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. “அடையாளம். பாத்துட்டோம்னு. ஏன், போடக் கூடாதா? மத்த ஆறையும் வாங்கினீங்களே, ஒண்ணும் சொல்லலியே.”

பக்கக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஆறையும் இறக்கினார். ஆறிலும் வட்டம், பெருக்கல், புள்ளி, முக்கோணம். இத்தனை நாளும் கீழ் மூலை எண்ணையே பார்த்துக்கொண்டிருந்த கண், உள் ஓரத்தைப் பார்க்கவே இல்லை.

தப்பு தன்னுடையதும்தான் என்று தெரிந்தால் மனிதனுக்குக் கோபம் இரண்டு மடங்காகும். சேத நோட்டை எடுத்தார். ஏழு வரி எழுதினார், ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி. எழுதியதை நேராகச் செயலாளருக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் மாலை குழு கூடும் என்று அரை மணியில் பதில் வந்தது.

நூலகர் அம்மா ஏழு புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“ஐயா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பியிருக்கலாமே.”

“சொன்னா அனுப்ப வேண்டாம்னு சொல்லியிருப்பீங்கம்மா. கையெழுத்துப் போட்டது நீங்க.”

“கார்டு போயிடும். அவங்க திரும்ப இந்த வாசலை மிதிக்க மாட்டாங்க.”

“மை போட்டது அவங்க. நான் இல்ல.”

நூலகர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, “ஏழோட சேத்து வாங்கிட்டுப் போன எட்டாம் நம்பரும் அவங்ககிட்டதான் இருக்கு. கூட்டத்துக்கு முன்னாடி அதையாவது சுத்தமா வாங்கிட்டு வந்துடுங்க” என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பக்கக்காரர் சலவைக்கூடத்துக்குப் போனார். புத்தகம் வாங்க என்பது வெளியில் சொல்லிக்கொண்டது. உள்ளுக்குள், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

இஸ்திரி அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து வந்த ஆவி முகத்தில் ஈரத்துணியால் அறைந்ததுபோல் இருந்தது. அழுக்குத் துணி மலையாய்க் குவிந்த ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டார். நீள மேஜைகள். இரண்டு பக்கமும் பெண்கள். படுக்கை விரிப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய், மடிந்து, அடுக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. பதினொரு பேர்தான் வேலை செய்தார்கள். பன்னிரண்டாவது ஆள், மூக்கில் தடித்த கண்ணாடி மாட்டியவள், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எட்டாம் நம்பரைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தத்துக்கு மேலே எழும்ப வேண்டும் என்பதால், ஊரைக் கூட்டி நியாயம் கேட்பதுபோல் ஒரு குரல்.

அவள் பங்குத் துணி? பக்கக்காரருக்கு உடனே அந்தக் கேள்விதான். பார்த்தார். அடுக்கில் ஒவ்வொருத்தியும் தன் துணியோடு கண்ணாடிக்காரியின் துணியிலும் ஒன்றைச் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துணிகூடக் குறையவில்லை. எண்ணிவிட்டார்.

“நிறுத்துடி” என்றாள் ஒருத்தி. “அந்த வரியைத் திரும்பப் படி.”

கண்ணாடிக்காரி படித்தாள். ஏதோ ஒரு ஊரில், பின்ஜன்னல் வழியாகத்தான் சாப்பாடு வாங்க வேண்டும் என்று ஒதுக்கப்பட்டவர்கள், ஒரு நாள் முன்வாசலில் வரிசையாக வந்து நின்றதைப் பற்றி இருந்தது. கொடுக்கவில்லை. மறுநாளும் வந்து நின்றார்கள்.

“எத்தனை நாள் நின்னாங்கன்னு போட்டிருக்கா?”

“‘பல நாட்கள்’னு போட்டிருக்கு.”

“பல நாளுன்னா என்ன கணக்கு? நாலா, நாப்பதா? நிக்கிறவளுக்குத் தெரிய வேண்டாமா? வட்டம் போடு.”

“முக்கோணமும் போடு” என்றாள் இஸ்திரி அக்கா. “மேஸ்திரி இல்லாதப்ப தனியாப் பேசணும்.”

ஓரத்தில் இருந்த ஒரு பெண் தூரிகையை மையில் தொட்டுக்கொண்டு எழுந்தாள்.

“அந்தத் தூரிகையைக் கீழ வைம்மா” என்று பக்கக்காரர் தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

ஒருத்தியும் பதறவில்லை. ஒருத்தி சிரித்தாள். “பாத்தியா, அழுக்கு மூட்டைக்குப் பின்னாடியிருந்து ஆம்பளை வர்றாரு. எந்த வார்டு துணி ஐயா நீங்க?”

“எண்ணிப் பாத்து வாங்குடி, உசிரோட இருக்காரு” என்றாள் இன்னொருத்தி.

பக்கக்காரர் சிரிக்கவில்லை. “அது என்ன வட்டம், முக்கோணம்? இப்பச் சொல்லுங்க.”

இஸ்திரி அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து ஓரத்தைக் காட்டினாள். “வட்டம் போட்டா கறை போகல, மறுபடி ஊறப்போடுன்னு அர்த்தம். புத்தகத்துல, புரியல, மறுபடி படின்னு. பெருக்கல் போட்டா கிழிசல், தையலுக்குப் போகணும். புத்தகத்துல, எழுதினவர் சொன்னது தப்புன்னு. முக்கோணம் தொத்து வியாதிக்காரங்க துணி, தனியா வேகவைக்கணும். மூணு புள்ளி போட்டா நல்லாருக்கு, படுக்கைக்கு அனுப்பலாம். எங்க கையில அடையாளம் விழாத துணி யாரும் பாக்காத துணி. திருப்பி அனுப்பிடுவாங்க. புத்தகத்தை வெறுமனே குடுத்தா, படிக்காம குடுத்துட்டாங்கன்னு நினைப்பீங்களோன்னு போட்டோம்.”

மூன்று புள்ளி. பக்கக்காரர் அந்த விரிப்பின் ஓரத்தையே பார்த்தார். போன வருடம் அவர் மனைவி அறுவை சிகிச்சை முடிந்து பதினோரு நாள் அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பதினோரு நாளும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கன்னத்துக்குக் கீழே விரிப்பு ஓரத்தில் இருந்த மூன்று கறுப்புப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சி ஏதோ என்று தட்டிக்கூட விட்டிருக்கிறார்.

“ஏழாம் நம்பர்ல பெருக்கலா போட்டிருக்கீங்களே” என்றார், குரலை விறைப்பாக வைத்துக்கொண்டு.

“பின்ன? எங்களை மாதிரி ஆளுங்க வாயில்லாதவங்களாம். எழுதினவர்தான் எங்களுக்காகப் பேசுறாராம்.” இஸ்திரி அக்கா மேஜையைச் சுற்றிக் கைகாட்டினாள். “இதுல யாருக்கு வாயில்லைன்னு நீங்களே சொல்லுங்க.”

அறை முழுக்கச் சிரித்தது. மணி அடித்தது. டீ நேரம்.

பெண்கள் ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பக்கக்காரரும் பின்னால் போனார். ஆஸ்பத்திரி ஊழியர் உணவகத்தில் எல்லோருக்கும் மேஜை உண்டு. சலவைக்கூடத்தாருக்கு மட்டும் பின்பக்க ஜன்னல். நோய்த்துணி தொடுகிற கை என்று காரணம். விரிப்பை மாற்றிப் போடும் தாதியர் மேஜையில்தான் உட்காருகிறார்கள், அதே துணிதான். பன்னிரண்டு பேரும் ஜன்னலைத் தாண்டி நடந்து, முன்வாசல் வழியாக உள்ளே போய், சுவரோரம் நின்றார்கள். யாரும் அவர்களுக்கு ஊற்றவில்லை. ஏதும் பேசாமல், காலி டம்ளரைக் கையில் பிடித்தபடி, பதினைந்து நிமிடமும் நின்றார்கள். மணி அடித்ததும் திரும்பினார்கள்.

“எத்தனாவது நாள்?” என்று கேட்டார்.

“ஒன்பது” என்றாள் இஸ்திரி அக்கா. “எழுதி வெச்சிருக்கோம். பல நாள்னு போட மாட்டோம்.”

எட்டாம் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் கார்டு போகப்போகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாமல், “சாயங்காலம் அஞ்சு மணிக்கு நூலகத்துக்கு வாம்மா” என்று மட்டும் சொன்னார். “நான்தான் எழுதிக் குடுத்தேன். தெரிஞ்சுக்கோ.”

“தெரியும். எழுதுற வேலை உங்க வேலை” என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் பரண்மேல் ஏறினார். கீழே மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“உப்பு டப்பாவைக்கூட எண்ணி வைக்கிற மனுஷன், இப்ப பரண்மேல என்னத்தை எண்ணப் போறீங்க?”

“பழைய சேத நோட்டு. மூணு இருக்கணும்.”

“மூணும் இருக்கு. எலிக்குக்கூட அது பிடிக்கல. யாரைக் காட்டிக்குடுக்கப் போறீங்க?”

“எல்லாரையும்” என்றார்.

குழுவில் ஐந்து பேர். பேசுவது செயலாளர் மட்டும். மற்ற நால்வருக்கும் சேர்த்துத் தலையாட்டும் வேலை. செயலாளர் ஏழு புத்தகத்தையும் விரல் நுனியால் நகர்த்திப் பார்த்தார். இஸ்திரி அக்கா கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நூலகர் அம்மா தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டு, தானும் நின்றார்.

“இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்” என்றார் செயலாளர். “அழுக்கோட புழங்குற கை. புத்தகத்தோட அருமை எப்படித் தெரியும்? இவங்களைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. பழக்கம் அப்படி. கார்டை ரத்து பண்ணிடலாம். நம்ம பக்கக்காரரே எழுதிக் குடுத்திருக்காரு.”

“நான் இன்னும் நிறைய எழுதியிருக்கேன்” என்றார் பக்கக்காரர்.

மூன்று நோட்டையும் மேஜைமேல் வைத்தார். முதல் நோட்டின் அட்டை கையோடு வந்தது. எழுத்துக் கூட்டி, அவசரமில்லாமல் வாசித்தார்.

“வக்கீல் வீட்டு கார்டு. சட்டப் புத்தகம். நூத்திப் பன்னெண்டுலேருந்து நூத்திப் பதினெட்டு வரைக்கும் பிளேடால வெட்டு. கார்டு ரத்து பண்ணல. டாக்டர் வீட்டு கார்டு. கவிதைப் புத்தகம். பாதிப் புத்தகம் நாய் கடிச்சிருக்கு. ரத்து பண்ணல. பேராசிரியர் கார்டு. ஒடுக்கப்பட்டோர் உரிமை பத்தின புத்தகம். திருப்பியே தரல. ஒன்பது வருஷம் ஆச்சு. ரத்து பண்ணல.”

“பக்கக்காரரே, இது இப்ப எதுக்கு?”

“இருங்க, உங்களுது வருது. செயலாளர் வீட்டு கார்டு. தோட்டப் புத்தகம். ரோஜாப்பூப் படம் இருந்த ரெண்டு தாள் காணோம். கேட்டதுக்குப் பேத்தின்னு பதில். ரத்து பண்ணல.”

தலையாட்டும் நால்வரில் ஒருவருக்கு இருமல் வந்தது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்த நோட்டுல அறுநூத்திச் சொச்சம் வரி இருக்கு. ஒவ்வொண்ணையும் உங்களுக்கு அனுப்பினேன். ஒவ்வொண்ணுக்கும் ‘பெரிய இடம், விட்டுடுங்க’ன்னு வந்துச்சு. நேத்து அனுப்பினதுக்குத்தான் அரை மணியில கூட்டம் போட்டீங்க.” ஏழாவது புத்தகத்தை எடுத்து நாற்பத்து மூன்றாம் பக்கத்தை விரித்துக் காட்டினார். “இங்க மடிப்பு இருந்துச்சு. இப்ப இல்ல. போனதைவிட நல்லாத் திரும்பி வந்த புத்தகம் என் கைக்கு இது ஒண்ணுதான். மை போட்டது தப்பு. அதைச் சொல்லியாச்சு. ஆனா எல்லாரும் வெட்டி எடுத்துட்டுப் போன எடத்துல இவங்க மட்டும் எதையோ வெச்சுட்டுப் போயிருக்காங்க. அதுக்கு என் நோட்டுல கட்டம் கிடையாது.”

அவ்வளவு நீளமாக அவர் பேசி அந்த அறை கேட்டதில்லை. அவரே கேட்டதில்லை.

செயலாளர் லேசுப்பட்ட ஆளா? ரத்து என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு விதியை எடுத்தார். நூலக ஊழியர் தான் வழங்கும் கார்டுக்குத் தானே ஜாமீன் நிற்பது முறையில்லையாம். வேறு ஒருவர் கையெழுத்து வேண்டும், இன்றைக்கே, கதவு சாத்துவதற்குள். இல்லையென்றால் கார்டு தானாகவே காலாவதி. மணி ஐந்தரை. ஆறுக்குக் கதவு சாத்த வேண்டும்.

எல்லோரும் போன பிறகு இஸ்திரி அக்கா படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தாள். “சொந்த வீடு இருக்கிற ஆளு ஒருத்தரும் எங்களுக்குத் தெரிஞ்சவங்க இல்ல. அம்மா, நீங்க சிரமப்படாதீங்க. எட்டு வரைக்கும் வந்துட்டோம். அதுவே பெருசு.”

பக்கக்காரருக்குச் சொந்த வீடு உண்டு, இரண்டு அறை. கையெழுத்துப் போடும் வழக்கம்தான் கிடையாது. சொந்த மச்சான் வாடகை வீட்டுக்கு ஜாமீன் கேட்டு வந்தபோதே முடியாது என்று சொன்னவர். மனைவி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் கல்யாணப் பதிவில் போட்ட கையெழுத்தையே இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாக நூலகத்தில் ஒரு கேலி உண்டு.

படிவத்தை இழுத்து, முன்பக்கம் பின்பக்கம் புரட்டி, ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் படித்தார். பத்து நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. ‘விண்ணப்பதாரருக்கு உறவு’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“தெரிஞ்சவர்னு போடுங்க ஐயா” என்றார் நூலகர் அம்மா.

“எனக்கு என்ன தெரியும் இவங்களை. இன்னிக்கிக் காலையிலதான் எல்லாரையும் பாத்தேன்.” கொஞ்சம் யோசித்தார். ‘புத்தகத்தை வாங்குபவர்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணியது. பேனா சரியில்லை என்றார்.

நூலகர் அம்மா ஒரு கட்டு வெள்ளைத் துண்டுச்சீட்டை இஸ்திரி அக்காவிடம் கொடுத்தார். இனி அடையாளத்தை அதில் போட்டு உள்ளே வைத்துவிடலாம். பிறகு வாசல் பலகையிலிருந்த பட்டியலைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் விரித்தார்.

“நீங்க சொல்லுங்க. எதை எங்க வைக்கலாம்?”

இஸ்திரி அக்கா விரலை வைத்து நகர்த்தினாள். “அஞ்சை முதல்ல கொண்டு வாங்க. அதுல எப்படிக் கூடினாங்க, யார் சோறு ஆக்கினாங்கன்னு எல்லாம் இருக்கு. மூணு இருக்கட்டும். ரெண்டை எடுத்துடுங்க. அது எங்களைப் பத்தி எழுதினது, எங்களுக்கு எழுதினது இல்ல. ஏழை எடுக்க வேண்டாம்.”

“அதுலதானே நிறையக் கிழிசல்?”

“சண்டை போட ஒண்ணு வேணும்ல.”

நூலகர் அம்மா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். இருபது வருடம் படித்த படிப்பு, இஸ்திரி மேஜையோரம் நின்று கேட்ட படிப்பிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல் ஒன்பதாம் நம்பரை எடுத்துவந்து முத்திரை குத்தி நீட்டினார்.

இஸ்திரி அக்கா வாங்கினாள். போகவில்லை. நூலகர் அம்மா போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, முதல் பக்கத்திலிருந்து கீழ் மூலை எண்ணை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

“என்னம்மா பண்றே?”

“உங்க மேல சந்தேகம் இல்ல பெரியவரே. துணியை வாங்கும்போதும் எண்ணுவோம், குடுக்கும்போதும் எண்ணுவோம். முதல் புத்தகத்துலேருந்து அப்படித்தான். அங்க போய் எண்ணிக்கிட்டு இருந்தோம், இன்னிக்கி இங்கயே எண்ணிடுறேன். நாலாம் நம்பர்ல நீங்க குடுக்கும்போதே ஒரு தாள் கம்மி. உங்க நோட்டுல இருக்கான்னு பாருங்க.”

பார்த்தார். இருந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய வரி.

மணி ஆறு அடித்தது. கதவு சாத்த வேண்டும். முப்பத்தொரு வருடமாக மற்றவர்களை நிற்க வைத்த மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவள் எண்ணி முடிக்கும்வரை பக்கக்காரர் நின்றுகொண்டிருந்தார். நடுவில் அவள் விரல் ஒரு முறை தடுமாறியது.

“நூத்தி முப்பத்தாறு” என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தார்.

“தெரியும்” என்றாள், தலை நிமிராமல்.